பெரும்புயலுக்குப் பிறகு பாக் விரிகுடாவில் மீன்பாடு எப்படி?

வலைக்காரன்: 2018 நவம்பர் 16-இல் கஜா அடித்தபோது மல்லிப்பட்டினத்தில் எங்கள் படகு உடைந்தது. மறுபடி புயல்காலம் வருகிறது. புயலுக்குப் பிறகு மீனும் நண்டும் ஏன் குறைகின்றன?

நண்டுவலை: அண்ணே, இது ஆழமில்லாத கடல், பல இடங்களில் பத்துப் பாகம் (சுமார் 18 மீட்டர்) ஆழம்கூட இல்லை, அதனால் பெருங்காற்றில் அடிச்சேறு முழுக்கக் கலங்கி, கடற்புல்லும் பிய்ந்து வந்து வலையை அடைத்துவிடும். நண்டுக்கு அந்தப் புல்தான் வீடு.

காயல்கரை: அப்புறம் மழைவெள்ளம் இறங்கினால் கரையோரத்தில் உப்பு குறையும். மடவை மீன் அதைத் தாங்கும், மற்ற பல மீன்கள் ஒதுங்கிவிடும். எனக்கு வலிப்பது முத்துப்பேட்டை அலையாத்திக் காடுதான், இறால் குஞ்சு வளரும் இடம், கஜாவில் அவ்வளவு மரம் சாய்ந்தது.

வலைக்காரன்: சரி தம்பி, அப்படியென்றால் தண்ணீர் தெளியும்வரை நண்டு வலையை இறக்கவில்லை.