பந்தை விட்டு ஜிம் பார்க்கரைப் பார்த்த அனுபவங்கள்

பழையசுருள்:
1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில் பால்டிமோர் கோல்ட்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் மோதிய அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் படத்தை, கோல்ட்ஸின் வீச்சுக்காரர் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜானி யுனைட்டஸின் வீச்சுகளுக்காகத்தான் போட்டேன். முடிந்தபின் மனத்தில் நின்றவர் அவரைக் காத்து நின்ற 77ஆம் எண் ஜிம் பார்க்கர். எதிரே நின்றவர், வீச்சுக்காரரை வீழ்த்தப் பாயும் ஜயன்ட்ஸ் தற்காப்பு வீரர் ஆண்டி ரோபஸ்டெல்லி என்றால் மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். அவர் தோளைத் தாழ்த்திப் பாய்கிறார். பார்க்கர் மார்பைக் கொடுத்து அந்த வேகத்தை வாங்கிக்கொள்கிறார். அதற்குள் பந்து யுனைட்டஸின் கையை விட்டுப் போயிருக்கிறது. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் பெரும்பாலும் பந்தோடு ஓடும் ஆட்டத்துக்கே தடுத்துப் பழகியவர், கோல்ட்ஸில் தம் இரண்டாவது பருவத்திலேயே இப்படி நின்றார் என்பது இன்னும் என்னை வியக்க வைக்கிறது.

கிழக்குவாசல்:
கேன்டன் நகரில் உள்ள அமெரிக்கக் கால்பந்துப் புகழ் மண்டப அருங்காட்சியகத்தில் பார்க்கருடைய வெண்கலச் சிலைக்கு முன் ஒரு சிறுவன், “இவர் எத்தனை புள்ளி எடுத்தார்?” என்று தந்தையிடம் கேட்டான். “அது இவருடைய வேலை இல்லை” என்று சொல்லிவிட்டுத் தந்தை அவனை அடுத்த சிலைக்கு அழைத்துச் சென்றுவிட்டார். முழுநேரத் தாக்குதல் வரிசை வீரராகவே (தம் அணி பந்தை வைத்திருக்கும்போது எதிரிகளைத் தடுப்பவராகவே) ஆடி, 1973இல் அந்த மண்டபத்துக்குள் முதன்முதலாக நுழைந்தவர் அவர் என்பதையாவது அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம்கோடு:
பழையசுருள், வியப்பதில் தவறில்லை, ஆனால் முக்கியமான காரணத்தை விட்டுவிட்டீர்கள். பயிற்சியாளர் ஒருவர் ஓடவிட்ட படத்துணுக்கொன்றில் நான் கவனித்தது பார்க்கரின் முஷ்டிகளை மட்டுமே. அவை மார்போடு ஒட்டியே இருந்தன. 1978இல் விதி தளர்த்தப்படும் வரை, வீச்சுக்காரரைக் காப்பவர் இன்றுபோல் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்து எதிரியைத் தள்ள முடியாது. காலும் இடுப்பும்தான் அவருடைய கருவிகள். ஆகவே அடுத்த முறை படத்தைப் போடும்போது முதலில் கால்களை மட்டும் பாருங்கள், பிறகு இடுப்பு எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள், பந்தைக் கடைசியாகப் பாருங்கள். 1962இல் வரிசையின் வெளிப்பக்க டேக்கிள் இடத்திலிருந்து உட்பக்க கார்டு இடத்துக்கு மாறிய பிந்தைய ஆட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு இடங்களிலும் முதல் தரத்தில் ஆடியவர்கள் மிகச் சிலரே.

பழையசுருள்:
விதியை நான் மறுக்கவில்லை. ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதானே. ரோபஸ்டெல்லியை அப்படி நிறுத்தியவர் எத்தனை பேர்? 1967இல் முழங்கால் காயத்தோடு, இனி அணிக்கு உதவ முடியாது என்று பார்க்கர் தாமாகவே விலகிக்கொண்டார். அந்தப் பருவத்தில் ஒரே ஒரு தோல்வி கண்டும் கோல்ட்ஸ் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை.