வட்டுக்கோட்டை: பள்ளியைச் சுற்றி வளர்ந்த ஊரா?

சந்திக்கடை:
யாழ்ப்பாணத்துப் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், “செமினரியால் உண்டான ஊர் வட்டுக்கோட்டை” என்று எழுதிவிடுகிறார்கள்; செமினரி என்பது அமெரிக்க மிசன் இங்கே நடத்திய உயர்கல்விப் பள்ளி. அமெரிக்க மிசன்காரர் வந்தபோது அவர்களுக்குக் கிடைத்ததே ஒல்லாந்தர் விட்டுப்போன பாழடைந்த தேவாலயமும் வளவும்தான். அந்த வளவுக்கு வெளியே அயலிலுள்ள சங்கரத்தையும் அராலியும் அன்று காடாகவா கிடந்தன?

மிசன் வளவு:
காடு என்று யார் சொன்னது? ஊரின் பெயரை வெளியே கொண்டுபோனது எது என்பதுதான் கேள்வி. 1823-இல் தொடங்கிய செமினரியில் ஆங்கிலம், தமிழ், வடமொழி, கணிதம், வானியல் எல்லாம் படிப்பித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் இங்கே படித்தவர்கள். கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்கு ஏற்றியவரும் அதே தாமோதரம்பிள்ளைதான்.

சந்திக்கடை:
அவர் சிறுப்பிட்டிக்காரர், ஐயா. வந்து படித்தார், போனார். ஊருக்குள்ளேயே இருந்த படிப்பை ஏன் மறைக்கிறீர்கள்? அராலி விசுவநாத சாஸ்திரியார் கணித்த பஞ்சாங்கம் மிசன் கொடுத்ததா?

மிசன் வளவு:
நீங்களே வாயைக் கொடுத்துவிட்டீர்கள். 1829-இல் வந்த சந்திர கிரகணத்துக்குச் சாஸ்திரியார் குறித்த கணக்கு பிழை என்று செமினரி அதிபர் டானியல் பூவர் முன்கூட்டியே சொன்னார். கிரகணமும் பூவர் கணக்குப்படியே வந்தது.

சந்திக்கடை:
ஒரு கிரகணத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதா? பூவருக்குப் பின் அதிபராக இருந்த ஹொய்சிங்டன், தமிழ் வானியல் நூலொன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1848-இல் அச்சிட்டாரே, அது எதற்கு? ஒன்றுமில்லாத இடத்தில் பெயர்ப்பதற்கு என்ன இருக்கும்?

துணவியான்:
இருவரும் ஏடும் அச்சுமாகவே நிற்கிறீர்கள். செமினரியில் படித்தவர்களில் பெரும்பாலோர் வேளாளர். பெண்பிள்ளைகளுக்கு உடுவில் விடுதிப் பள்ளி. சுற்றியிருந்த மற்றக் குடிகளுக்கு அந்த மதில் எதைக் கொடுத்தது? “ஊர்” என்று சொல்லும்போது அவர்களும் கணக்கில் உண்டா?

மிசன் வளவு:
நியாயமான கேள்வி. மிசன் நினைத்த அளவுக்குச் சாதி அசையவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

சந்திக்கடை:
இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளுங்கள். படித்தவர்கள் மிசன் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று 1855-இல் செமினரியை மூடினார்கள். ஊர் கலைந்தா போயிற்று? எங்கள் ஆட்கள் விடாமல் கேட்டதால்தான் 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது.

மிசன் வளவு:
கேட்டவர்களில் செமினரியின் பழைய மாணவர்களும் இருந்தார்களே! அவர்களை யார் கணக்கில் எழுதுவீர்கள்?