டெக்சாஸில் பிரசவம், ஆகஸ்டில் தேதி: குழந்தையின் குடியுரிமைக்கு இனி எந்த நீதிமன்றத் தடை காப்பு?

பிளேனோவாசி | 29 ஜூன் 2025

டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். நான் எச்-1பி வேலை விசா, மனைவி அதைச் சார்ந்த எச்-4 விசா. கிரீன் கார்டுக்காகக் (நிரந்தரக் குடியிருப்பு) கம்பெனி போட்ட ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் வந்து ஒன்பது வருடம் ஆகிறது, கிரீன் கார்டு வரிசை நகரவில்லை. ஆகஸ்ட் 20 பிரசவத் தேதி.

ஜனவரி 20 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை எங்களை நேராகத் தாக்குகிறது. தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனோ கிரீன் கார்டு வைத்திருப்பவரோ இல்லையென்றால், இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாதாம். சியாட்டில், மேரிலாந்து, பாஸ்டன் நீதிபதிகள் நாடு முழுவதற்கும் தடை போட்டதும் நிம்மதியாகத் தூங்கினோம். வெள்ளிக்கிழமை உச்ச நீதிமன்றம் அந்தத் தடைகளைச் சுருக்கிவிட்டது. வழக்குப் போட்ட மாநிலங்களில் டெக்சாஸ் இல்லை.

நியூ ஜெர்சி வழக்குப் போட்ட மாநிலம், அங்கே அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறாள் மனைவி. இப்போதே 32 வாரம் முடிந்துவிட்டது. ஒரே நாட்டில், மாநில எல்லையைத் தாண்டினால் ஒரு குழந்தை குடிமகன், தாண்டாவிட்டால் இல்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்த ஆணை சரி என்றே நீதிமன்றம் சொல்லிவிட்டதா?

எடிசன் அக்கா | 29 ஜூன்

தம்பி, முதலில் அவளுடைய டாக்டரிடம் கேளுங்கள். இந்த வாரத்தில் மருத்துவரை மாற்றுவது, இன்சூரன்ஸ் இங்கே நியூ ஜெர்சியில் செல்லுமா என்று பார்ப்பது, எல்லாம் பெரிய வேலை. ஆணை உடனே அமலுக்கு வராது, 30 நாள் அவகாசம் இருக்கிறது. ஜூலை 27 வரை எதுவும் மாறாது. அவசரப்பட்டு டிக்கெட் போடாதீர்கள்.

காவிரிக்கரை | 30 ஜூன்

குடியேற்ற வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பதினோரு வருடமாகக் கோப்பு பார்க்கிறேன், வழக்கறிஞர் இல்லை. தீர்ப்பை சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து படித்தேன்.

ஆணை சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை அது தொடவே இல்லை. அரசு மேலே கொண்டுபோனது தடையின் அகலத்தை மட்டும்தான். 6-3 பெரும்பான்மைக்காக நீதிபதி பாரெட் எழுதியது இது: 1789 நீதித்துறைச் சட்டம் மத்திய நீதிமன்றங்களுக்குக் கொடுத்த அதிகாரம், அன்றைய இங்கிலாந்தில் தடையாணை போன்ற நிவாரணம் வழங்கிய சான்சரி நீதிமன்றத்துக்கு இருந்த மாதிரியானது, வழக்குப் போட்டவருக்கு முழு நிவாரணம் கிடைக்கத் தேவையான அளவைத் தாண்டி, ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரு மாவட்ட நீதிபதி தடை போட அதில் இடமில்லை. மாநிலங்களுக்கு எவ்வளவு அகலமான தடை தேவை என்பதைக் கீழ் நீதிமன்றங்களே மறுபடி பார்க்க வேண்டும். அதனால் நியூ ஜெர்சியை மட்டும் நம்பிக் கிளம்புவதும் சரியான யோசனை இல்லை.

பெரும்பான்மையை எதிர்த்து நீதிபதி சோட்டோமேயர் எழுதிய மாறுபட்ட தீர்ப்புதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. இங்கே பிறந்தவர் குடிமக்கள் என்று சொல்லும் 1868-இன் 14-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தெளிவாக இருக்கிறது. 1898-இல் வோங் கிம் ஆர்க் வழக்கில் இதே நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த அவரை, சீனா போய்த் திரும்பியபோது கரையில் இறங்க விடவில்லை. பெற்றோர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகவே முடியாத காலம் அது. அப்படியும் அவர் ஜெயித்தார். அவ்வளவு உறுதியான உரிமைக்கு ஒவ்வொரு குடும்பமும் தனியாக நீதிமன்றப் படி ஏற வேண்டும் என்றால், வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்?

ஒரு வழியைத் தீர்ப்பே திறந்து வைத்திருக்கிறது: கிளாஸ் ஆக்‌ஷன். பாதிக்கப்படும் எல்லோரையும் ஒரே தரப்பாகச் சேர்த்துப் போடும் வழக்கு. தீர்ப்பு வந்த அன்றே மேரிலாந்திலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் அப்படிக் கேட்டுவிட்டார்கள். அதைப் பாருங்கள்.

பிளேனோவாசி | 11 ஜூலை

அண்ணா, நேற்று நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி லாப்ளாண்ட் தடை போட்டுவிட்டார்! டெக்சாஸுக்கும் சேருமா? நாங்கள் எங்காவது பெயர் பதிய வேண்டுமா?

காவிரிக்கரை | 11 ஜூலை

சேரும். பதியத் தேவையில்லை. பிப்ரவரி 20 முதல் பிறந்த, இனிப் பிறக்கப்போகும், இந்த ஆணை தொடும் எல்லாக் குழந்தைகளும் அந்த வழக்கின் தரப்பில் தானாகவே அடக்கம், எந்த மாநிலமாக இருந்தாலும். பெற்றோர் அந்தத் தரப்பில் இல்லை. இதே நீதிபதி பிப்ரவரியில் தடை போட்டபோது, வழக்குப் போட்டவர்களுக்கு மட்டும் என்றே நிறுத்திக்கொண்டவர். அவரே இப்போது இவ்வளவு அகலமாகப் போட்டிருப்பது எனக்குப் பெரிய தைரியம்.

அரசு மேல்முறையீடு போக ஏழு நாள் கொடுத்திருக்கிறார். 17-ஆம் தேதி பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, தாமதிக்காமல் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

பிளேனோவாசி | 18 ஜூலை

நேற்றோடு ஏழு நாள் முடிந்தது. தடை நிற்கிறது. இங்கேயே பிரசவம் என்று முடிவு செய்துவிட்டோம். அம்மா திருச்சியிலிருந்து வருகிறார். மனைவி மூன்று வாரமாகக் கட்டி வைத்திருந்த பெட்டியை இன்று காலை பிரித்து, குழந்தைத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.