யாஷிகா-டியில் ஷீட் ஃபிலிம்: நடுப்பகுதி மட்டும் ஃபோகஸ் போகிறது

யாஷிகா-டி (120 ரோல் ஃபிலிம் போடும் இரட்டை லென்ஸ் கேமரா), 80 எம்.எம். எஃப் 3.5 லென்ஸ். 4×5 அங்குல ஆர்த்தோ (சிவப்பு ஒளி பதியாத) ஷீட் ஃபிலிமைச் சிவப்பு விளக்கில் 61 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொரு துண்டாக உள்ளே வைத்து எடுக்கிறேன். ஷட்டரைக் கையால் காக் செய்யும் (லீவரை இழுத்துத் தயார் செய்யும்) மாடல், அதில் தொல்லை இல்லை.

ஓரம் ஷார்ப், நடு மங்கல். 1.5 மீட்டரில் அளவு டேப்பை வைத்து முழுத் திறப்பில் எடுத்தால், நடுவில் ஃபோகஸ் சுமார் 10 செ.மீ. பின்னால் விழுகிறது, அதாவது ஃபிலிம் லென்ஸ் பக்கம் உப்புகிறது. தூரத்தில் இருக்கும் முட்டம் கலங்கரை விளக்கமும் மங்கல்தான். திறப்பைக் குறைத்து எஃப் 11-இல் எடுத்தால் தெரிவதில்லை. 120 ரோலில் எல்லாம் சரி, லென்ஸைச் சொல்லாதீர்கள்.

பழைய ரோலின் கறுப்புத் தாளைப் பின்னால் கொடுத்ததில் கொஞ்சம் குறைந்தது. ஓரங்களில் டேப் ஒட்டினால் இன்னும் மோசம். சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்தாலும் நாகர்கோவில் மழைக்கால ஈரத்தில் வெளியே எடுத்ததும் வளைந்துவிடுகிறது.

ஷீட்டின் முதுகை மெல்லிய தகட்டில் ஒட்டி வைப்பதானால், பிரஷர் பிளேட் (பின்கதவில் ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் தகடு) மூட, ஒட்டும் தகடு எத்தனை மி.மீ. கனம் இருக்கலாம்?