கிரீன் ரைடர்: தமிழில் என்ன?

அன்பர்களுக்கு வணக்கம். ஒரு நாடகக் குழுவின் ஒப்பந்தப் படிவத்தைத் தமிழாக்குகிறேன். நாளை மாலைக்குள் தந்தாக வேண்டும். ‘கிரீன் ரைடர்’ என்ற இடத்தில் முட்டி நிற்கிறேன். ரைடர் என்பது ஒலி, ஒளி, தங்குமிடம் என்று கலைஞர் ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தரும் தேவைகள். பச்சை வகையில் விமானத்துக்குப் பதில் ரயில், ஒலிக்கருவிகளைச் சுமந்து வராமல் நிகழ்விடத்திலேயே வாடகைக்கு எடுப்பது, பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி கூடாது என்பவை வரும்.

* * *

புறனடை இருக்க வேறென்ன தேட்டம்? தொல்காப்பிய இயல்கள் பலவற்றின் கடைசியில், சொல்லாமல் விட்டதையும் அடக்கிக்கொள்ள வரும் நூற்பா அது. ‘பசுமைப் புறனடை’ என்க. அடை, அடுத்து வருவது, அடைமொழியும் அதுவே. அடு, அண், அண்டை எல்லாம் ஓரினம் என்பது என் துணிபு.

* * *

ஐயா, அண்டை வரை போய்விட்டீர்கள். இலங்கைத் தமிழில் புறநடை என்றால் விதிவிலக்கு! இக்குழுவுக்குச் சூழல் விதிகள் பொருந்தா என்றல்லவா படிப்பார்கள்? ‘பசுமை நிபந்தனைகள்’ போதும்.

* * *

> பசுமை நிபந்தனைகள்

வடசொல்.

* * *

வடசொல்லானாலும் கலைஞருக்கு அயலன்று. சோழர் கல்வெட்டுகளில் ஆடுவார்க்கும் பாடுவார்க்கும் விட்ட மானியம் நிவந்தம்; நிபந்தனையும் அதே வேர்.

* * *

அது கொடை ஐயா, இது கட்டுப்பாடு.

அரங்க நிர்வாகத்தில் இருப்பவன் என்ற முறையில் என் தடை வேறு: யார் யாருக்கு விதிப்பது? 2012இல், கலைகளுக்கு அரசு நிதியைப் பகிர்ந்தளிக்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து, தன்னிடம் தொடர் நிதி பெறும் அமைப்புகள் ஆற்றல், நீர்ப் பயன்பாட்டுக் கணக்கும் சூழல் கொள்கையும் தர வேண்டும் என்றது. மறுத்தால் நிதிக்கே இடர். அதுதான் நிபந்தனை. ரைடரோ கலைஞர் கேட்பது. அரங்கத்தார் பேசிக் குறைப்பார்கள். பார்வையாளர் எதில் ஏறி வருகிறார்கள், அரங்கின் குளிர்சாதனம் எவ்வளவு தின்கிறது என்பவை கலைஞர் கையில் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், நாளை கொள்கை ஆவணத்தைத் தமிழாக்குபவர் என்ன செய்வார்? ‘பசுமை வேண்டுகை’ என்பேன்.

* * *

வேண்டுகை என்றால் கெஞ்சுவது போல் இருக்கிறது. கையெழுத்தானபின் அது ஒப்பந்தத்தின் பகுதி.

* * *

நேரமாகிவிட்டது. மூவர் தனிமடலில் இசைந்ததால் ‘பசுமைத் தேவைகள் இணைப்பு’ என்று இட்டு, அருகில் ‘ரைடர்’ என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

* * *

இணைப்பு மின்சாரத்துக்கும் உண்டு, எரிவாயுவுக்கும் உண்டு. என் புறனடையை நான் விடுவதாக இல்லை. ‘அண்டை’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.