தயிர் பாக்டீரியா ஸ்லைடில் தெரிய ஒரு வழி சொல்லுங்கள்

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குச் செல் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். வெங்காயச் சவ்வை உரித்து ஒரு சொட்டு அயோடின் விட்டதும், செங்கல் அடுக்கியதுபோல் செல்கள், உள்ளே பழுப்புப் புள்ளியாக உட்கரு. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. "தாவர செல்தானே டீச்சர், பச்சை எங்கே?" என்றான் ஒருவன். மண்ணுக்குள் கிடக்கிற வெங்காயத்துக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் எதற்கு என்று சொல்லி, வேலம்பாசி இலையைக் காட்டினேன். கன்னத்துச் செல்லும் மெத்திலீன் நீலச் சாயத்தில் நன்றாகவே வந்தது. சுவர் இல்லாததால் ஓரமெல்லாம் மடங்கிக் கிடந்தது.

சிக்கல் புரோகேரியோட்டில்தான், அதாவது பாக்டீரியா போல, சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லாத செல்லில். தயிரைத் தண்ணீரில் கரைத்து அதே நீலம் போட்டால், நுண்ணோக்கியில் 400 மடங்கில் வெறும் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. கன்னத்துச் செல் சுமார் 60 மைக்ரோமீட்டர் என்றால், பாக்டீரியா ஒன்றிரண்டுதான். எது கொழுப்பு, எது கிருமி என்று எனக்கே குழப்பம். எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸ் எங்களிடம் இல்லை. 400இலேயே பார்த்தவர்கள் உண்டா? எவ்வளவு தண்ணீர் சேர்த்தீர்கள்? ஸ்லைடைச் சூடு காட்டினீர்களா?

அப்புறம், ஒரு மாணவி கேட்டாள்: "நம்ம சிவப்பணுவிலும் உட்கரு இல்லையே, அதுவும் புரோகேரியோட்டா?" எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது அது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது, பாக்டீரியாவிலோ டிஎன்ஏ இருக்கிறது, சுற்றிச் சவ்வுதான் இல்லை என்றேன். சரி என்று தலையாட்டினாள், முகத்தில் தெளிவில்லை. இதற்கு நல்ல உவமை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்களேன். வெள்ளிக்கிழமை மறுபடி அந்த வகுப்பு இருக்கிறது.