கேரம் பலகையைத் தூக்கச் சொன்னவருக்கு

புளியந்தோப்பான்: நேற்று கணக்குப்பிள்ளை இங்கே எழுதியது: "வடசென்னை மன்றங்களில் கேரம் பலகையைத் தூக்கிவிட்டு டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஆங்கிலமும் கற்றுக்கொடுங்கள். ஒலிம்பிக்கிலேயே இல்லாத ஆட்டத்தால் ஏழைப் பிள்ளைக்கு என்ன திறமை வரும், என்ன தன்னம்பிக்கை வரும்?" ஐயா, வியாசர்பாடி இளவழகி 2008-இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கினார். டேலி படித்தா போனார்கள்?

கணக்குப்பிள்ளை: வாழ்த்துகள். ஒலிம்பிக்கில் கேரம் உண்டா, இல்லையா?

புளியந்தோப்பான்: கிரிக்கெட்டே 1900-க்குப் பிறகு 2028-இல்தான் ஒலிம்பிக்குக்குத் திரும்புகிறது. நடுவில் ஆடியவர்கள் எல்லாம் தன்னம்பிக்கை இல்லாதவர்களா?

கணக்குப்பிள்ளை: கிரிக்கெட்டில் காசு இருக்கிறது. இங்கே இரண்டு பேருக்குப் பதக்கம், மற்றவர்களுக்குக் கையெல்லாம் போரிக் பவுடர். உண்டா, இல்லையா?

ஓட்டேரி வாசகி: இரண்டையும் செய்யலாமே. அரசு ஐடிஐயில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. மாலையில் கேரம் ஆடட்டும். அதிருக்கட்டும், உங்கள் மன்றத்துக்குள் பெண் பிள்ளைகள் நுழைய முடிகிறதா?

புளியந்தோப்பான்: அம்மா, அதற்குப் பிறகு வருகிறேன். கணக்குப்பிள்ளை ஒருமுறை மன்றத்துக்கு வந்து பார்க்கட்டும். பெயர் கேட்டாலே தலை குனிகிற பையன் ஒருவன், எட்டாம் வகுப்போடு நின்றவன். போன வாரம் ரெட் என்கிற சிவப்புக் காயைப் போட்டான், அடுத்த அடியில் தன் காயைப் போட வேண்டிய ஃபாலோ தவறியது, ரெட் திரும்பவும் நடுவுக்கு வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் விரலில் ஒட்டிய பவுடரைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தன் முறை வந்ததும் அதே ரெட்டைக் குறிவைத்தான். இதை எந்த டேலி வகுப்பு கற்றுக்கொடுக்கும்?

கணக்குப்பிள்ளை: கதை அருமை. அந்தப் பையன் சம்பளம் வாங்குகிறானா? ஒலிம்பிக்?

பழைய ஆட்டக்காரன்: வியாசர்பாடி என்றால் கால்பந்துதான். அதை விட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துத் தொங்குகிறீர்களே.

புளியந்தோப்பான்: கால்பந்துக்குத் தனியாக வந்து சண்டை போடுங்கள். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988-இல் தொடங்கியதே சென்னையில்தான். கேரத்தில் முதல் அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் சென்னைக்காரர். கணக்குப்பிள்ளை, உங்களுக்கு ஒலிம்பிக் ஒன்றுதான் தெரிகிறது. பொங்கல் போட்டிக்கு நன்கொடை தருகிறேன் என்று மேடையில் சொல்லிவிட்டு மறைந்தவரல்லவா நீங்கள்!

கணக்குப்பிள்ளை: ரசீதுப் புத்தகம் கேட்டேன், காட்டவில்லை. அதனால் தரவில்லை.

புளியந்தோப்பான்: ஐந்நூறு ரூபாய்க்குத் தணிக்கை அறிக்கையா கேட்பீர்கள்? கபடியும்தான் ஒலிம்பிக்கில் இல்லை. அதையும் தடை செய்யச் சொல்லுங்கள்.

ஓட்டேரி வாசகி: என் கேள்விக்குப் பதில்?

கணக்குப்பிள்ளை: கபடி இருக்கட்டும். கேரம் உண்டா, இல்லையா? ஒரு சொல்லில்.

புளியந்தோப்பான்: முதலில் ஐந்நூறு ரூபாயை எடுத்து வையுங்கள்.